கடற்கரையிலிருந்து கொடிமலைக்கு நடந்தே போக எந்த வழி நல்லது?

பினாங்குக்குச் சுற்றுலா வருகிறவர்களும் சரி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் சரி, கொடிமலை (பினாங்கு ஹில்) என்றதும் மலையடியில் ஆயர் ஈத்தாமிலிருந்து ஏறும் ரயிலைத்தான் நினைக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் மேலே. ஆனால் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் கிளம்பி, ஊரைக் கடந்து, காட்டுக்குள் நுழைந்து, மேலே முருகன் கோவில் வாசலில் போய் நிற்பதை ஒரே நாளில் நம் கால்களாலேயே செய்துவிடலாம், பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடவும் முடியும். உலகத்தில் எத்தனை நகரங்களில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடல், பழைய நகரம், மழைக்காடு, மலையுச்சி எல்லாமே ஒரு காலைப்பொழுது நடைக்குள்.

எந்த வழியாகப் போவது, ஏறுவதா இறங்குவதா, எங்கே தொடங்குவது என்று மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் பக்கமிருந்து மேலே ஏறுங்கள், மூன் கேட் என்ற பழைய வட்ட வாசல் வழியாக 84 என்ற ஓய்விடத்துக்கு, அங்கிருந்து ஜீப் பாதை என்ற தார்ச்சாலையில் உச்சிக்கு. திரும்பும்போது ரயிலில் இறங்குங்கள். ஏன் இப்படி, யாருக்கு இது பொருந்தாது என்பதை இனிமேல் சொல்கிறேன்.

முதலில் ஏறுவதா இறங்குவதா. பெரும்பாலானோர் இறங்குவதுதான் சுலபம் என்று நினைக்கிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. ரயில் காலை 6.30 மணிக்கே ஓடத் தொடங்கிவிடும், அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, ஒருவழி டிக்கெட் எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு (நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் விடியும் என்பதால் முதல் ரயிலைப் பிடித்தால் போதும்) மெதுவாக இறங்கி வந்தால் மூச்சு வாங்காது, வியர்வை குறைவு, முடிகிற இடத்தில் சாப்பாட்டுக் கடைகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஜீப் பாதையில் இறங்கிப் பார்த்தவர்களிடம் முழங்கால் பற்றிக் கேளுங்கள். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து உச்சி வரை அந்தப் பாதை சுமார் 5 கிலோமீட்டர்தான், அந்த 5 கிலோமீட்டருக்குள் 650 மீட்டருக்கு மேல் உயரம் கூடுகிறது. அதாவது சராசரியாக நூறு மீட்டர் நடந்தால் பதின்மூன்று மீட்டர் ஏற்றம். சில வளைவுகளில் அதைவிட மோசம். ஏறும்போது இது மூச்சுக்குத்தான் வேலை, நின்று நின்று போகலாம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைத் தொடையும் முழங்காலும் பிடித்து நிறுத்த வேண்டும், கால்விரல்கள் காலணியின் முனையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும், பாதி வழியிலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். காட்டுப் பாதையில் இறங்கினால் முழங்காலுக்குக் கொஞ்சம் இதம், ஆனால் ஈர இலையும் வேரும் வழுக்கும். ஏறும்போது வழுக்கினால் கையை ஊன்றிக்கொள்வோம். இறங்கும்போது வழுக்கினால் விழுவது முதுகுப் பக்கம்.

இன்னொரு காரணம் மழை. பினாங்கில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடித்துக்கொண்டு வரும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அது இன்னும் கடுமை. காலையில் ஏறத் தொடங்கினால் மழை வரும் நேரத்தில் நீங்கள் மேலே கூரைக்கடியில் இருப்பீர்கள், கையில் சூடாக ஏதாவது இருக்கும், பக்கத்திலேயே ரயில் நிலையம். காலையில் மேலே சுற்றிப் பார்த்துவிட்டு மதியம் இறங்கத் தொடங்கினால் மழை உங்களை நடுக்காட்டில் பிடிக்கும். 2017 நவம்பர் தொடக்கத்தில் கொட்டிய மழையில் இந்த மலை பல இடங்களில் சரிந்து, ஜீப் பாதையும் உடைந்துபோனது நினைவிருக்கும். அது அபூர்வம்தான், ஆனால் இந்தச் சரிவில் மண் எப்படிப்பட்டது என்பதை அது எல்லோருக்கும் காட்டியது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏறுகிறவர் எங்கே வேண்டுமானாலும் போதும் என்று திரும்பிவிடலாம். மூச்சு முட்டினால், குழந்தை அழுதால், வானம் கறுத்தால், வந்த வழியே பூங்காவுக்குத் திரும்புவது எளிது. இறங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. பாதி வழியில் கால் மடங்கினால் மிச்சமுள்ள பாதியையும் அதே காலோடுதான் இறங்கியாக வேண்டும். புதிதாக மலையேறப் பழகுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறபோது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, ஏறுவது என்று வைத்துக்கொள்வோம். எந்த வழி?

நடக்கிறவர்கள் வழக்கமாகப் போகும் வழிகள் நான்கு. ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கமிருந்து காய்கறித் தோட்டங்களையும் பழத் தோட்டங்களையும் தாண்டிப் போகும் பாதை அழகுதான், ஆனால் நீளம், கிளைகள் அதிகம், மழைக்குப் பிறகு அட்டைப்பூச்சி. ஊரிலிருந்து கால்நடையாக வந்து சேர்வதற்கும் தோதில்லாத இடம். அதை வேறொரு நாளைக்கு, வழி தெரிந்த ஆளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரயில் பாதையை ஒட்டி ஏறும் பழைய படிக்கட்டு வழி, ஹெரிடேஜ் டிரெயில் என்பார்கள். ஆயர் ஈத்தாம் கீழ் நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. தூரம் மிகக் குறைவு, ஏனென்றால் தண்டவாளமே 2 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 2 கிலோமீட்டருக்குள் முழு மலையையும் ஏறியாக வேண்டும், அதனால் படி, படி, மேலும் படி. இடையில் பழைய நிலையங்களும் பாலங்களும் தெரியும், பக்கத்தில் ரயில் சர்ரென்று போகும்போது பிள்ளைகள் கையாட்டுவார்கள். இந்த ரயிலின் கதை தெரிந்தவர்களுக்கு இது ரசமான வழி: 1897-இல் தொடங்கிய முதல் முயற்சி வேலைக்கே ஆகாமல் போய், மறுபடி கட்டி 1923-இல் ஓட்டத் தொடங்கி, 1924 ஜனவரி 1 அன்று முறைப்படி திறந்தார்கள். நடுவில் இறங்கி வண்டி மாறிய அந்தப் பழைய மரப்பெட்டி ரயிலில் போனவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்; 2011-இல் புது வண்டி வந்த பிறகுதான் நேராக உச்சிக்குப் போகிறோம்.

ஆனால் கடலையும் மலையையும் இணைத்து நடக்க வேண்டும் என்பதுதான் நம் நோக்கம் என்றால் இந்த வழி சரிவராது. ஊரிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை ஏழு கிலோமீட்டருக்கு மேல் பெரிய சாலையோரம் நடக்க வேண்டும். நிழலில்லை, மோட்டார் சைக்கிள் புகை, நடைபாதை இருக்கும், திடீரென்று இருக்காது. மலை தொடங்கும் முன்பே மனம் களைத்துவிடும். உடற்பயிற்சிக்காக வாரம் தவறாமல் ஏறுகிறவர்களுக்கு அது நல்ல வழி, அவ்வளவே.

மிச்சம் இரண்டும் தாவரவியல் பூங்காப் பக்கம். ஒன்று முழுக்க ஜீப் பாதை. இன்னொன்று மூன் கேட்டில் தொடங்கிக் காட்டுக்குள் ஏறி, 84 என்ற ஓய்விடத்தில் ஜீப் பாதையோடு சேருவது.

ஜீப் பாதைக்கு ஒரு பெரிய பலம் உண்டு: வழி தவறவே முடியாது. தார் போட்ட ஒற்றைச் சாலை, அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும்தான் போகலாம், வளைவுகளில் எண் போட்டிருக்கும், நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும். தனியாகப் போகிற பெண்கள், இருட்டோடு கிளம்புகிறவர்கள், முந்தின நாள் மழை பெய்திருந்தால் யாராக இருந்தாலும், இதையே தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குறை என்னவென்றால் சலிப்பு. ஒரு வளைவு முடிந்தால் அதே சரிவில் இன்னொரு வளைவு, இரண்டு பக்கமும் காடு இருந்தும் நாம் காட்டுக்கு வெளியே நடப்பது மாதிரியே இருக்கும். பின்னால் ஜீப் வரும்போது ஓரம் ஒதுங்க வேண்டும், அது கியர் மாற்றி உறுமி ஏறுவது அரை கிலோமீட்டர் முன்பே கேட்டுவிடும்.

மூன் கேட் வழி அப்படி இல்லை. பூங்கா வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் பாசி படர்ந்த பழைய சுவர், அதன் நடுவில் முழு வட்டமாக ஒரு வாசல். அதற்குள் காலை எடுத்து வைத்தால் சாலைச் சத்தம் அப்படியே அடங்கிப்போகும். சியா சென் இயோக் என்ற பினாங்குச் சீன வணிகர் தன் தோட்ட வீட்டுக்குக் கட்டிய வாசல் அது. வீடு போய்விட்டது, வாசல் நிற்கிறது. கடற்கரைக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள், ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்கு ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம், 1902-இல் கட்டி முடித்தார்கள். அதைக் கட்டக் காசு கொடுத்தவரும் இதே மனிதர்தான். எனவே மணிக்கூண்டில் தொடங்கி மூன் கேட் வழியாக ஏறுகிறவர் ஒரே ஆளின் கைங்கரியத்தைக் கடலோரத்திலும் மலையடியிலும் பார்த்துவிடுகிறார். பினாங்கு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு இது, வழிகாட்டிப் பலகைகள் இதைப் பெரிதாக எழுதி வைக்கலாம்.

வாசலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். மரவேர்களே படிகள். பல்லாண்டாகக் கால்பட்டுக் கால்பட்டு அந்த வேர்கள் வழவழவென்று மெருகேறியிருக்கும், காய்ந்த நாளில் கால் வைக்க நல்ல பிடி, ஈரமான நாளில் அதே வேர் சோப்புப் போட்டது போல் வழுக்கும், எனவே வேரின் மேல் மிதிக்காமல் வேருக்கும் வேருக்கும் நடுவில் உள்ள மண்ணில் மிதிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கிளைப் பாதைகள் பல பிரியும். முதல் தடவை போகிறவர்கள் கைப்பேசியில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் சனி, ஞாயிறு காலையில் போங்கள், எழுபது வயதுச் சீனத் தாத்தா பாட்டிகள் கூட்டம் கூட்டமாக 84-க்கு ஏறுவார்கள், அவர்கள் பின்னாலேயே போய்விடலாம். அவர்களைத் தாண்டிப் போக முடிந்தால் பாராட்டுகிறேன்.

மேலே பார்த்தபடி நடங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு இலை தின்றுகொண்டிருக்கும், சண்டைக்கு வராது, நாம் பார்த்தால் அதுவும் பார்க்கும். பூங்காப் பக்கம் இருக்கும் நீண்ட வால் குரங்குகள்தான் வேறு ரகம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தாலே பிடுங்க வரும், சாப்பாட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள், தயவுசெய்து எதையும் போடாதீர்கள்.

மூன் கேட்டிலிருந்து 84-க்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். 84 ஏறக்குறைய பாதி உயரம், கூரை போட்ட ஓய்விடம், எல்லோரும் உட்கார்ந்து மூச்சு விடுகிற இடம். முடிவெடுக்க வேண்டிய இடமும் இதுதான். வானம் தெளிவாக இருந்து, கால் சரியாக இருந்து, தண்ணீரும் மிச்சமிருந்தால் மேலே போங்கள், இன்னும் ஒன்றேகால் மணி நேரம் ஜீப் பாதை. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் ஜீப் பாதையிலேயே கீழே பூங்காவுக்கு இறங்கிவிடுங்கள். அதுவே அழகான அரை நாள் நடைதான், குறைவொன்றும் இல்லை.

எங்கே தொடங்குவது என்பது கடைசி முடிவு. மணிக்கூண்டிலிருந்து கடலோரமாக நார்த்தாம் ரோடு, குர்னி டிரைவ், பிறகு பாகான் ஜெர்மால், கோட்லிப் ரோடு வழியாக வாட்டர்ஃபால் ரோட்டுக்கு வந்தால் மலையடி வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர். சமதளம்தான், இரண்டு மணி நேரம். விடிவதற்கு முன் ஐந்தரை மணிக்குக் கிளம்பினால் பழைய மாளிகைகளுக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல் நடக்கலாம், குர்னியை அடையும்போது கடல் மெல்ல வெளுக்கத் தொடங்கியிருக்கும். உடம்பில் தெம்பு இருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், கடல் மட்டத்திலிருந்து 735 மீட்டர் ஏறினோம் என்பது அப்போதுதான் முழு உண்மை. ஆனால் மொத்தம் 13 கிலோமீட்டர், மணிக்கணக்கில் ஐந்தைத் தொடும். பழக்கமில்லாதவர்கள் குர்னியின் பாகான் ஜெர்மால் முனையில் தொடங்கட்டும். அங்கிருந்து மலையடிக்கு 3 கிலோமீட்டர் சுமார். அதுவும் கடல்தானே. பேருந்தில் வர நினைப்பவர்களுக்குப் பூங்கா வரை ரேப்பிட் பினாங்கின் 10-ஆம் எண் உண்டு, ஆனால் அடிக்கடி வராது. காலையில் கிராப் வாடகைக் கார் பிடிப்பதுதான் நிம்மதி.

எங்கே தொடங்கினாலும் வாட்டர்ஃபால் ரோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவில், அதைத் தாண்டித் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவில், 513 படி. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் ஊருக்குள்ளிருந்து கிளம்பி வந்து சேரும் சாலை இது, காவடி எடுத்தவர்கள் வெறுங்காலோடு நடக்கிற சாலை. மலையேறும் நாளில் அந்த 513 படியையும் ஏற வேண்டாம், கீழே நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள், கால் பின்னால் தேவைப்படும். தைப்பூசத்தையொட்டிய மூன்று நாளும் இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். சாலை அடைத்திருக்கும், அந்த நாட்களில் தண்ணீர்ப் பந்தலில் நின்று தொண்டு செய்வதுதான் அழகு. பூங்காவுக்குள் ஐந்து நிமிடம் இருந்தால் நாகலிங்க மரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 1884-இல் சார்ல்ஸ் கர்டிஸ் பொறுப்பில் உருவான பூங்கா அது.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஒரு குட்டி ஊரே இருக்கிறது. முருகன் கோவில், ஒட்டினாற்போல் பள்ளிவாசல், உணவு நிலையம், பழைய பங்களாக்கள், காடு பார்க்க ஹேபிடட் என்ற இடத்தில் மரங்களுக்கு மேலே தொங்கு நடைபாலம். வெயில் நாளிலும் கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி போலக் குளிர்ச்சி. இந்தக் குளிர்ச்சிக்காகத்தான், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் காலத்திலேயே, 1780-களின் கடைசியில், மலைக்குப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். ரயில் வருவதற்கு முன் துரைமார்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் டோலியில் உட்கார வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறியிருக்கிறார்கள், இன்று நாம் வெறும் தண்ணீர்ப் புட்டியோடு மூச்சு வாங்குகிற அதே மலைச்சரிவில். 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றியுள்ள காட்டையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, மலேசியாவில் அது மூன்றாவது. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ரயில் சன்னல் வழியாகத் தெரியாது, மூன் கேட் பாதையில் தெரியும்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுங்கள், வழியில் விற்கிற கடையை நம்ப வேண்டாம். அடிப்பாகம் தேயாத காலணி, மாற்றுச் சட்டை ஒன்று. மேலே போனதும் வியர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் சளி பிடித்துவிடும். பசியாறிவிட்டே கிளம்புங்கள், ஆனால் வயிறு முட்ட நாசி லெமாக் வேண்டாம், பாதி போதும். தாவரவியல் பூங்காப் பக்கத்திலிருந்து மேலே கேபிள் கார் அமைக்கும் வேலை எடுத்திருக்கிறார்கள், சரிவைப் பழுதுபார்க்க ஜீப் பாதையையும் அவ்வப்போது மூடுவார்கள், எனவே முந்தின நாள் கொடிமலை நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

முழங்காலில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு வருகிறவர்கள் இந்த ஏற்றத்தை விட்டுவிட்டு இரண்டு வழியும் ரயிலில் போய், மேலே மோனியட் ரோடு பாதையில் நிழலில் நடக்கலாம். குடும்பத்தில் பாதிப் பேர் நடந்தும் பாதிப் பேர் ரயிலிலும் வந்து முருகன் கோவிலில் சந்திப்பது இன்னும் நல்ல ஏற்பாடு, அம்மா அப்பாவையும் விட்டுவிட்டு வந்தோம் என்ற குறை இருக்காது.

இறங்குவதற்கு ஒருவழி டிக்கெட் மேல் நிலையத்திலேயே கிடைக்கும். மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டை இருந்தால் கட்டணம் குறைவு, வெளிநாட்டவருக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், எனவே அட்டையை மறக்காதீர்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் சூரியன் மறைவதைப் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கீழே இறங்க வரிசையில் நிற்கும். இரண்டு, மூன்று மணிக்குள் இறங்கிவிட்டால் அந்த வரிசை உங்களுக்கு இல்லை. கீழ் நிலைய வாசலிலேயே 204 பேருந்து, ஊருக்குள் இருக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் படகுத்துறைக்கும் போகும். பசி தாங்காதவர்கள் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இறங்கி ஒரு கிண்ணம் லக்சா சாப்பிட்டுவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம்.